விளி

வோலோஸ் துறைமுகத்தில் பிப்ரவரி.
பாரந்தூக்கியின் உச்சியில் ஒரு நீர்க்காகம்
நனைந்தபடி நிற்கிறது.
மருத்துவமனையின் நிலவறையில் எவாந்தியா
ஸ்லைடைப் பொருத்துகிறாள், ஒளியைக் கூட்டுகிறாள்,
முதல் வேலையாகப்
பிணங்களைத் தேடுகிறாள்.

நலமான நிணநீர்க் கணுவில்
பிணங்கள் நிறைய இருக்கும்.
அதன் உருண்டை முடிச்சுகளுக்குள்
பிறந்தவற்றில் பெரும்பாலும்
பிழைத்துக் கிடப்பதில்லை:
தேர்வில் தோற்றவை,
பிழையாய் எழுதப்பட்டவை,
சும்மா மிகுந்தவை.
கத்தல் இல்லை, வீக்கம் இல்லை.
தன்னைத்தானே சுருக்கி, நறுக்கி,
சிறு பொட்டலங்களாய்க் கட்டி
வாசலில் வைத்துவிட்டுப் போய்விடும்.
பெருவிழுங்கிகள் வந்து அள்ளும்.
வெளிறிய அவற்றின் வயிற்றில் கருநீலத் துணுக்குகள்.
அதைக் கண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.
சாவு நடக்கிறது,
ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இந்த ஸ்லைடில் அது இல்லை.

நாற்பது மடங்கில் பார்த்தாள். நானூறில் பார்த்தாள்.
முடிச்சுக்குப் பக்கத்தில் முடிச்சு
தோளோடு தோள் இடித்துக்கொண்டு
ஒரே முகம், ஒரே முகம்.
அள்ளுகிறவர்களைக் காணோம்.
அள்ள ஒன்றும் இல்லை.
காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

மறுநாள் பழுப்புச் சாயம் பதில் சொன்னது.
பதினெட்டாம் இழையின் ஒரு வரி அறுந்து
பதினான்காம் இழையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்,
என்றோ, வருடங்களுக்கு முன்,
அவன் மீன் சுட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒரு மதியத்தில்.
அங்கே விளக்கு அணைவதே இல்லை.
அந்த வெளிச்சத்தில் அந்த ஒரு வரி
ஓயாமல் படிக்கப்படுகிறது.
படிக்கப் படிக்கப் புரதம்.
புரதத்துக்கு ஒரே வேலை:
செல்லின் உலைச்சுவரில்
துளையிட வருகிற கைகளை
இறுகப் பற்றிக்கொள்வது.
துளை விழுந்தால்தான் கசியும்.
கசிந்தால்தான் கத்தரிகள் கண்விழிக்கும்.
பிடி தளரவில்லை.
கத்தரிகள் உறையிலேயே தூங்குகின்றன.

கிரேக்கத்தில் வீழ்ச்சிக்கு ப்தோசி என்பார்கள்.
இலக்கண வகுப்பில் வேற்றுமைக்கும் அதே சொல்.
முடி கொட்டுவதற்கும் அதன் வால்,
செல் தானாய் உதிர்வதற்கும்.
தமிழில் இதற்கு வேறொரு சொல் இருக்கிறது.
எவாந்தியாவுக்குத் தெரிய வழியில்லை.
கூப்பிடுவது விளி.
எட்டாம் வேற்றுமை விளி.
செத்துப்போவதும் விளிதல்தான்.
விளி கேட்டால் விளிவது செல்லின் மரபு.
இவை
விளி கேட்டும் விளியாதவை.

வெள்ளிக்கிழமை திராசோஸ் தானே வந்தான்.
பாரந்தூக்கி ஓட்டுகிற கையுறை
கோட்டுப் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
ஜன்னலில் தாளை வாங்கினான்,
படித்தான், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.
"எனக்குள்ளே ஏதோ செத்துக்கொண்டிருக்கிறதா, டாக்டர்?"
"இல்லை. சாக மாட்டேன் என்கிறது."
அவன் சிரித்துவிட்டான்.
"அப்படியானால் எங்கள் சங்கத் தலைவர்தான்.
வயது எழுபத்தொன்று.
நாற்காலியை விடுவதாயில்லை."
அவளும் சிரித்தாள்,
சிரித்திருக்கக் கூடாது என்று
மாலை வரை உறுத்தியது.
"மாசக் கடைசியில் சிமென்ட்டுக் கப்பல் வருகிறது.
அதை இறக்கிவிட்டு வரலாமா?"
"இது மெல்ல நகர்கிற வகை.
எதற்கும் திங்கட்கிழமை ரத்தவியலில் கேளுங்கள்."

தாளை மடித்தான்.
அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.
தாய் வயிற்றில் ஒருகாலம் அது துடுப்பு.
இடையில் இருந்தவை கூப்பிட்டதும் போய்விட்டதால்
ஐந்து விரல்.
ஒரு நெம்புகோலைப் பிடிக்க,
பையில் கையுறையை உள்ளே தள்ள,
போய்வருகிறேன் என்று ஆட்ட.

வெளியே மழை விட்டிருந்தது.
பாரந்தூக்கியில் நீர்க்காகம் சிறகை விரித்துக்
காயவைத்துக்கொண்டிருந்தது.
அதன் விரலிடைத் தோலில்
யாரும் விளியவில்லை.
அதனால்தான் அது நீந்துகிறது.